விசாரணைக்கு அழைத்துப் போனால் முதலில் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள்

அரூர் வட்டாரக் காவல் நிலையங்களில் நெடுங்காலம் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நிலையத்தில் நடப்பதையெல்லாம் நேரத்தோடு பதியும் பொது நாட்குறிப்பை எழுதிய கை என்பதால் இதைச் சொல்கிறேன். "சும்மா விசாரித்துவிட்டு அனுப்பிவிடுகிறோம்" என்று வீட்டில் ஒருவரை ஜீப்பில் ஏற்றினால், அழுவதற்கு முன் மணியைப் பாருங்கள். வண்டி எண்ணோடு சேர்த்து எழுதிவையுங்கள். கைது செய்தவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். அந்த 24 மணி நேரம் எப்போது தொடங்கியது என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. திங்கள் காலை அழைத்துப் போனவரை, புதன் மாலை பஸ் நிலையத்தில் சந்தேகத்துக்கிடமாக நின்றபோது பிடித்ததாக எழுதிவிட்டால், நடுவில் போன இரண்டு நாள் காகிதத்திலேயே இருக்காது. அடி விழுவது பெரும்பாலும் அந்த எழுதப்படாத நேரத்தில்தான்.

ஆகவே நீங்கள் எழுதுங்கள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் மனு அனுப்புங்கள். மின்னஞ்சல், ஸ்பீட் போஸ்ட் இரண்டிலும் நேரம் பதிவாகும். மனு நீளமாக இருக்க வேண்டியதில்லை: "இன்று காலை 6.40 மணிக்கு எங்கள் வீட்டிலிருந்து, சீருடையில் இருவரும் சாதாரண உடையில் ஒருவரும் என் தம்பியை அழைத்துச் சென்றனர். காரணம் சொல்லவில்லை. நீலச் சட்டை அணிந்திருந்தான். அப்போது அவன் உடம்பில் எந்தக் காயமும் இல்லை." கடைசி வரியை மறந்துவிடாதீர்கள். பிறகு "வழுக்கி விழுந்தான்" என்று யாராவது சொன்னால், எங்கே விழுந்தான் என்ற கேள்விக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைது தேவையில்லை என்றால் எழுத்து மூலம் அழைப்பாணை கொடுத்துத்தான் வரச் சொல்ல வேண்டும். சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் பெண்களையும், 60 வயது கடந்தவர்களையும், 15 வயதுக்குக் குறைந்த பையன்களையும் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. 18 வயது நிரம்பாதவரை லாக்கப்பில் வைக்கவே கூடாது. பெண்ணை இரவில் கைது செய்ய மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் பெண் அதிகாரியும் வேண்டும். இந்த விதிகளை ஏட்டோடு விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் மாவட்டத்து வாச்சாத்தி இருக்கிறது. அந்த மலைக் கிராமத்தில் 1992 ஜூனில் 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தது உட்பட, ஊராருக்கு அரசு ஊழியர்கள் செய்த கொடுமைகளுக்கு, 2011-இல்தான் தருமபுரி நீதிமன்றம் 215 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்கள் தங்கள் சொல்லை மாற்றவே இல்லை. அவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

கைது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கைதுக் குறிப்பாணையில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து உங்களுடையதாக இருந்தால், அதில் எழுதியிருக்கும் நேரத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள். நேரம் தவறாக இருந்தால் பக்கத்திலேயே சரியான நேரத்தை எழுதுங்கள். வெற்றுத் தாளில் யார் கேட்டாலும் போடாதீர்கள்.

உள்ளே இருப்பவர் தமக்கு எதிராகத் தாமே பேச வேண்டிய கட்டாயமில்லை. விசாரணை நடக்கும்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. மாந்தோப்பில் போர்வெல் கேபிள் திருட்டுப் போனது என்று வையுங்கள். "நான்தான் திருடினேன்" என்பது நிற்காது. "கிணற்றோரப் புதரில் வைத்திருக்கிறேன்" என்று சொல்லி, அங்கே கேபிள் கிடைத்தால் அந்தப் பகுதி சாட்சியமாகும். அடிப்பதற்கான ஆசை இந்த வாசல் வழியாகத்தான் நுழைகிறது. என் அனுபவத்தில் திறமையான இன்ஸ்பெக்டர்கள் பழைய இரும்புக் கடைக்குப் போய் விசாரிப்பார்கள், கேமராப் பதிவைப் பார்ப்பார்கள், கைரேகை எடுப்பார்கள். லத்தியைத் தூக்குவது வேலை தெரியாதவர்களின் வேலை.

ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடுவதற்கு, முன் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போவார்கள். டாக்டர் "ஏதாவது காயம் உண்டா?" என்று கேட்பதற்கும் சீட்டில் எழுதுவதற்கும் இடையே அரை நிமிடம்கூட ஆகாது, பின்னால் போலீஸ்காரர் நிற்பார். அந்த அரை நிமிடத்தில் சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். மாஜிஸ்திரேட் "அடித்தார்களா?" என்று கேட்கும்போதும் தலையை மட்டும் ஆட்டாமல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொன்னால்தான் பதிவாகும். இரவில் ரிமாண்ட் என்றால் மாஜிஸ்திரேட் வீட்டில் நடக்கலாம், வழக்கறிஞரை அங்கேயே வரச் சொல்லுங்கள். வசதி இல்லையென்றால் 15100-ஐ அழைத்து இலவச சட்ட உதவி கேளுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு கிடையாது.

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லையில் உள்ள அத்திப்பள்ளியைத் தாண்டி வரும் கர்நாடகப் போலீஸுக்கும் இதே 24 மணி நேரம்தான். பெங்களூரு 40 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. பயணத்திலேயே நேரம் போய்விட்டது என்பது எடுபடாது.

கெடு தாண்டியும் "எங்களிடம் இல்லை" என்றால், ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும்படி சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுங்கள். காவல் நிலையங்களில் கேமரா கட்டாயம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்கள் குறித்த தேதியையும் மணியையும் காட்டி, அந்தப் பதிவை அழிக்காமல் பாதுகாக்கும்படி உடனே மாஜிஸ்திரேட்டிடம் தனி மனு கொடுங்கள்.