கருவாட்டுக்குக் காபன் தடம் கணக்கிடுவது எப்படி? வாடிக்காரருக்கு ஒரு செய்முறை

திருகோணமலைப் பக்கம் குச்சவெளியிலோ நிலாவெளியிலோ கருவாட்டு வாடி (மீன் காயவைக்கும் கொட்டில்) வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கொழும்பில் உங்களிடம் சரக்கு எடுப்பவர் ஒரு படிவம் அனுப்பி, கிலோவுக்குக் காபன் தடம் எவ்வளவு என்று கேட்கிறார். அடுத்த கிழமை இன்னொருவர் வேறு மாதிரிப் படிவத்தில் அதையே கேட்கிறார். ஒருவருக்கு 1.2 என்றும் மற்றவருக்கு 3.8 என்றும் எழுதிக் கொடுத்தால், இரண்டும் சரியான கணக்காகவே இருந்தாலும் உங்களை நம்ப ஆளிருக்காது.

ஒரே கருவாட்டுக்கு இரண்டு எண் எப்படி வரும், அதை எப்படி ஒன்றாக்கிச் சொல்வது என்பதுதான் இந்தப் பதிவு. ஒரு கொப்பி, கல்குலேட்டர், போன வருடத்துப் பற்றுச்சீட்டுகள் இருந்தால் போதும்.

காபன் தடம் என்றால், ஒரு பொருள் உருவாகும் வழியெல்லாம் வெளியேறும் பச்சைவீட்டு வாயுக்களின் மொத்தம். மெதேன், குளிரூட்டி வாயு எல்லாவற்றையும் காபனீரொட்சைட்டுக்குச் சமமாக மாற்றி, ஒரே கிலோக் கணக்கில் சொல்வார்கள்.

படி 1: எதற்குக் கணக்கு, எதுவரை கணக்கு

கொப்பியின் முதல் பக்கத்தில் இரண்டு வரி எழுதுங்கள். ஒன்று, அளவு: "பொதி செய்த காய்ந்த கருவாடு 1 கிலோ". பச்சை மீன் 1 கிலோ அல்ல. மூன்று கிலோ பச்சை மீன் காய்ந்து ஒரு கிலோவாகிறது என்றால், இந்த ஒரு சொல் மாறினாலே எண் மூன்று மடங்காகும்.

இரண்டு, எல்லை: "படகு கடலுக்குப் போவதிலிருந்து வாடி வாசல் வரை". கொழும்பு வரைக்கும் லொறியில் போகும் ஏறத்தாழ 260 கிலோமீற்றரைத் தனி வரியாக வையுங்கள். கேட்கிறவர் அதைத் தன் கணக்கில் சேர்த்திருந்தால், நீங்களும் சேர்க்கும்போது ஒரே டீசல் இரண்டு தடவை எண்ணப்பட்டுவிடும்.

படி 2: யாருடைய விதி

இங்கேதான் புதியவர்கள் மிரண்டு போவார்கள். பிரித்தானியா 2008இல் பாஸ் 2050 என்ற விதியைக் கொண்டுவந்தது. 2011இல், பச்சைவீட்டு வாயுக் கணக்குக்கு விதி வகுக்கும் ஜிஎச்ஜி புரோட்டோகோல் அமைப்பின் பொருள் தரநிலை வந்தது. 2018இல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓவின் விதி, ஐஎஸ்ஓ 14067. மீனுக்கென்றே 2020இல் ஐஎஸ்ஓ 22948. அடிப்படை எல்லாவற்றிலும் ஒன்றுதான், ஆனால் பங்கு பிரிப்பது, எதை விடலாம் என்பது போன்ற இடங்களில் ஒவ்வொன்றும் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறது. அந்த இடைவெளிக்குள்தான் எண்கள் விலகிப் போகின்றன.

இதை ஒன்றாக்கத்தான் இப்போது முயல்கிறார்கள். கொம்பனிகள் தமக்குள் ஒரே முறையில் எண்ணைக் கைமாற்றிக்கொள்ள 'பாக்ட்' என்ற வழிமுறையின் முதல் பதிப்பு 2021இல் வந்தது. 2025 செப்டெம்பரில் ஐஎஸ்ஓவும் ஜிஎச்ஜி புரோட்டோகோலும் தங்கள் விதிகளை இணைப்பதாக அறிவித்தன, பொருட்களுக்கான கணக்கும் அதில் அடங்கும். அது முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஐஎஸ்ஓ 14067ஐ எடுத்துக்கொண்டு, அதன் பெயரைக் கொப்பியில் எழுதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

படி 3: ஒரு வருடக் கணக்கைச் சேர்த்தல்

ஒரு மாதம் போதாது. சித்திரை தொடக்கம் ஆவணி வரை கடல் அமைதியாக இருக்கும்போது எடுத்த கணக்கு, மாரியில் வலை வெறுமையாகத் திரும்பும் நாட்களை மறைத்துவிடும். அந்த நாட்களிலும் எண்ணெய் எரிந்ததுதானே. பன்னிரண்டு மாதத்தையும் சேருங்கள்: படகுக்கு அடித்த மண்ணெண்ணெய், எஞ்சினை ஸ்டார்ட் செய்ய ஊற்றிய பெற்றோல், ஐஸ், உப்பு, பொலித்தீன் பை, கரண்ட் பில், பிடித்த மீன், கிடைத்த கருவாடு.

பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்கிய எண்ணெய்க்குச் சம்மாட்டியின் (படகு முதலாளியின்) கடன் கொப்பியைக் கேளுங்கள். அநேகமாக அதில் லீற்றர் விடாமல் எழுதியிருக்கும்.

குளிரறை இருந்தால் ஒரு விடயத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வருடத்தில் எத்தனை கிலோ காஸ் திரும்ப அடித்தீர்கள்? அடித்த அளவு கசிந்த அளவு. ஆர்-404ஏ என்ற குளிரூட்டி வாயு ஒரு கிலோ கசிந்தால், ஐநாவின் காலநிலை விஞ்ஞானிகள் குழுவான ஐபிசிசியின் 4ஆம் அறிக்கைப்படி 3,922 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம்; 6ஆம் அறிக்கையின் எண்களை வைத்துப் போட்டால் 4,728. அதே கசிவுக்கு இரண்டு எண்! எந்த அறிக்கை என்று எழுதாவிட்டால் இன்னொருவரால் ஒப்பிடவே முடியாது. நான் 6ஆம் அறிக்கையைத்தான் சொல்வேன். ஒரு கிலோ கசிவு என்பது 1,500 லீற்றருக்கும் அதிகமான மண்ணெண்ணெய்க்குச் சமம் என்பதால், காஸ்காரரின் பில்லைத் தேடி எடுங்கள்.

படி 4: பெருக்கல்

ஒவ்வொரு அளவையும் அதன் காரணியால், அதாவது ஓர் அலகுக்கு எவ்வளவு வாயு வெளியேறும் என்ற எண்ணால், பெருக்க வேண்டும். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ 2.5 கிலோ காபனீரொட்சைட்டு. அதைத் தோண்டி எடுத்துச் சுத்திகரித்துக் கொண்டுவர ஆனதற்கு இன்னொரு 0.5 சேர்த்து, 3 என்று வைப்போம். இந்த 0.5ஐப் பலர் விட்டுவிடுகிறார்கள், விதியோ சேர்க்கத்தான் சொல்கிறது.

கரண்டுக்கு நிலைபெறுதகு வலு அதிகார சபை வெளியிடும் காரணியை, அது எந்த வருடத்துக்குரியது என்பதோடு எடுங்கள். நம் நாட்டில் மழை நன்றாகப் பெய்து நீர்மின் கூடினால் இந்த எண் குறையும், நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் அதிகம் ஓடினால் ஏறும். வெளிநாட்டு இணையத்தளத்தில் கண்ட எண்ணைப் போடாதீர்கள். உப்புக்கும் பைக்கும் பொதுத் தரவு போதும். வெயிலுக்குக் காசும் இல்லை, காபனும் இல்லை.

படி 5: மீனுக்கு மீன் பங்கு பிரித்தல்

முழுக் கணக்கிலும் சிக்கலான இடம் இது. வலையில் கருவாட்டுக்குரிய சாளை மட்டுமா வருகிறது? அறக்குளாவும் பாரையும் கூடவே வரும், பச்சையாகவே விலை போகும். எரிந்த எண்ணெயோ ஒன்று. யார் தலையில் எவ்வளவு?

எடுத்துக்காட்டுக்காக உருண்டையான எண்கள் போடுகிறேன். உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். எண்ணெய் 600 லீற்றர், அதாவது 1,800 கிலோ காபனீரொட்சைட்டுச் சமன் (இனிச் சுருக்கமாகக் காபன்). பிடித்த மீன் 1,500 கிலோ. அதில் பச்சையாக விலைபோகும் அறக்குளாவும் பாரையும் 300 கிலோ, கிலோ 2,000 ரூபாய். சாளை 1,200 கிலோ, கிலோ 500 ரூபாய். சாளை காய்ந்து 400 கிலோ கருவாடு.

எடைப்படி பிரித்தால், மீனில் 80 வீதம் சாளை. எனவே 1,440 கிலோ காபன் கருவாட்டுக்கு. 400ஆல் வகுத்தால் கிலோவுக்கு 3.6.

விலைப்படி பிரித்தால், இரண்டு பக்கமும் 6 இலட்சம் ரூபாய். சரிபாதி. 900 கிலோவை 400ஆல் வகுத்தால் 2.25.

கரண்ட், உப்பு, பைக்கு 0.225 என்று வைத்துச் சேர்த்தால், ஒன்று 3.8, மற்றது 2.5. ஒரே படகு, ஒரே கருவாடு. இதில் பொய் எதுவும் இல்லை. 1,440ஐப் பச்சைச் சாளையின் 1,200 கிலோவால் வகுத்து "கிலோவுக்கு 1.2" என்று ஒருவர் விளம்பரம் செய்தாலும், அவர் எதற்குக் கிலோ என்று சொல்லாததுதான் தவறு.

எதைத் தேர்வது? அந்தப் பொருள்வகைக்கென்று விதி இருந்து, வாங்குபவரும் அதை ஏற்றால், அதுதான் முதல். இல்லாவிட்டால் பாக்ட் ஒரு எளிய வாய்ப்பாடு தருகிறது: ஒரே வேலையில் சேர்ந்து கிடைக்கும் இணைப்பொருட்களின் விலை ஒன்றுக்கொன்று 5 மடங்குக்கு மேல் வேறுபட்டால் விலைப்படி, இல்லாவிட்டால் எடை போன்ற பௌதிக அளவுப்படி. நம் எடுத்துக்காட்டில் 2,000க்கும் 500க்கும் 4 மடங்குதான். ஆகவே எடை, ஆகவே 3.8. குறைந்த எண் வருகிறதே என்று 2.5ஐ எடுக்க மனம் இழுக்கும். அடுத்த வருடம் அறக்குளா விலை ஏறினால், படகில் ஒரு துளி எண்ணெய் மிச்சப்படாமலே உங்கள் எண் இன்னும் இறங்கும். அப்படிப்பட்ட எண்ணை வைத்து எதையும் திருத்த முடியாது.

படி 6: எண்ணைச் சொல்லும் விதம்

தனி எண்ணை அனுப்பாதீர்கள். ஒரே பக்கத்தில் இப்படி எழுதி, கேட்கிற எல்லோருக்கும் இதையே அனுப்புங்கள்:

"காய்ந்த சாளைக் கருவாடு 1 கிலோவுக்கு 3.8 கிலோ காபனீரொட்சைட்டுச் சமன். எல்லை: கடலிலிருந்து வாடி வாசல் வரை. விதி: ஐஎஸ்ஓ 14067. காலம்: முழு வருடம். பங்கு: எடைப்படி. வாயுக் காரணி: ஐபிசிசி 6ஆம் அறிக்கை, 100 ஆண்டு வெப்பமூட்டல் கணக்கு. எண்ணெய், மீன், கரண்ட்: சொந்தப் பதிவு. உப்பு, பை: பொதுத் தரவு. சேர்க்காதது: படகைச் செய்யும்போது வெளியேறிய காபன்."

மரம் நட்டதையோ காபன் வரவு (வேறொருவர் குறைத்த காபனுக்கான சான்று) வாங்கியதையோ இந்த எண்ணிலிருந்து கழிக்கக் கூடாது. ஐஎஸ்ஓ 14067 அதை அனுமதிப்பதில்லை. பையில் "காபன் இல்லாத கருவாடு" என்று அச்சடிக்கும் எண்ணமும் வேண்டாம். ஈடுசெய்ததைக் காட்டி அப்படிச் சொல்வதை ஐரோப்பிய ஒன்றியம் 2026 செப்டெம்பர் 27 முதல் தடைசெய்கிறது.

வெளியார் சரிபார்ப்பு வேண்டுமென்று வாங்குபவர் கேட்டால், இலங்கை காலநிலை நிதியம் அந்த வேலையைச் செய்கிறது. அதற்குக் காசு கட்டுவதற்கு முன், உங்கள் கொப்பியைப் பக்கத்து வாடிக்காரரிடம் கொடுத்து அவரையே ஒருமுறை கணக்குப் போடச் சொல்லுங்கள். அவருக்கும் 3.8 வந்தால் படிவத்தை அனுப்பலாம். வராவிட்டால் முதலில் 5ஆம் படியைப் பாருங்கள், பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும்.