நாற்றழுகல், அடிச்சாம்பல், தூர் அழுகல்: மருந்து அடித்தும் நிற்காதது ஏன்?

ஐப்பசி மழை பிடித்ததும் வேலூர், அணைக்கட்டு, குடியாத்தம் பக்கம் கத்திரி, மிளகாய், தக்காளி நாற்றங்கால்களில் நாற்று திட்டுத்திட்டாக மடிந்து விழும். இதுதான் நாற்றழுகல். உடனே கார்பென்டாசிம் என்ற பூஞ்சை மருந்தை வாங்கி ஊற்றுகிறார்கள். மறுநாள் அந்தத் திட்டு இன்னும் பெரிதாகிறது. மருந்து போலி என்று கடைக்காரரோடு சண்டை நடக்கிறது. மருந்து போலியாக இருக்க வேண்டியதில்லை, இந்த நோய்க்கு அது பொருந்தாத மருந்து.

நாற்றையும் தூரையும் அழுகவைக்கும் பித்தியம், பைட்டோப்தோரா, இலையைத் தாக்கும் அடிச்சாம்பல் நோய்க் கிருமிகள் எல்லாம் நீர்ப்பூஞ்சைகள். பார்க்கப் பூஞ்சை போல நூல்நூலாக வளர்ந்தாலும் இவை உண்மையான பூஞ்சைகள் அல்ல. பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் இருக்கும், இவற்றின் சுவரில் பெரும்பாலும் செல்லுலோஸும் குளுக்கனும்தான். ஹெக்சகோனசோல், புரோப்பிகோனசோல், டெபுகோனசோல் போன்ற மருந்துகள், பூஞ்சை தன் செல்சவ்வுக்காகத் தயாரிக்கும் எர்கோஸ்டெரால் என்ற பொருளைத் தடுப்பவை. நீர்ப்பூஞ்சை அதைத் தயாரிப்பதே இல்லை, அதனால் தடுக்க அங்கே ஒன்றும் இல்லை. கார்பென்டாசிமுக்கும் இவை இயல்பாகவே கட்டுப்படாது. மெட்டலாக்சில், சைமாக்சனில், டைமெத்தோமார்ப், பொசெட்டில் அலுமினியம், தாமிர மருந்துகள், மேன்கோசெப் ஆகியவைதான் இங்கே வேலை செய்யும்.

மருந்தைவிடப் பெரிய தவறு தண்ணீரில் நடக்கிறது. இந்தக் கிருமியின் வித்துகளுக்கு இரண்டு வால்கள் உண்டு. மண்ணில் ஈரப்படலம் இருந்தால் நீந்தி, வேர் கசியவிடும் சத்தை மோப்பம் பிடித்துப் போய் ஒட்டிக்கொள்ளும். வேர் அழுகிய செடி பகலில் வாடும். வாடுகிறதே என்று இன்னொரு தண்ணீர் விட்டால் பக்கத்துச் செடிக்கும் நோய் போய்ச் சேரும்.

வாடுவது வறட்சியாலா, அழுகலாலா என்று பிடுங்கிப் பார்த்தால் தெரியும். நாற்றின் கழுத்துப் பகுதி நீர் கோத்து, நூல்போல் இளைத்திருக்கும். வேரை இரண்டு விரலில் பிடித்து மெல்ல இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்து, நடு நரம்பு மட்டும் வெள்ளையாக நிற்கும். இதைப் பார்த்தால் அன்று தண்ணீரை நிறுத்த வேண்டும். விதை முளைக்காமலே போனாலும் விதை வியாபாரியைக் குறை சொல்லும் முன் மண்ணைக் கிளறிப் பார்ப்பது நல்லது. முளை விட்ட விதை மண்ணுக்குள்ளேயே குழைந்து கிடந்தால் அதுவும் நாற்றழுகல்தான்.

புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளு கத்திரி ஆனாலும், கடைச் சரக்கு விதை ஆனாலும் நாற்றங்கால் முறை ஒன்றே. பாத்தி 1 மீட்டர் அகலம், 15 செ.மீ. உயரம், சுற்றிலும் வடிகால். ஒரு சதுர மீட்டருக்கு 4 கிராம் கத்திரி விதை போதும், 10 செ.மீ. இடைவெளியில் வரிசையாகப் போட வேண்டும். இடம் மிச்சம் என்று கைவீச்சில் நெருக்கமாகத் தூவினால், காற்றோட்டம் இல்லாமல் ஒரு நாற்றின் நோய் ஒரே இரவில் பத்து நாற்றுக்குப் போகும். நோய்க் கிருமியை அடக்கும் நல்ல நுண்ணுயிர்களான டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராமை ஒரு கிலோ விதைக்குக் கலந்து விதைக்கலாம். மக்காத சாணியைப் போடவே கூடாது. பித்தியம் அழுகாத பச்சைப் பொருளைத் தின்று பெருகும். பசுந்தாளை மடக்கி உழுத நிலத்திலும் இரண்டு, மூன்று வாரம் பொறுத்தே விதைக்க வேண்டும். குழித்தட்டை மறுமுறை பயன்படுத்தும்போது ஒட்டிய நார்க்கழிவைச் சுரண்டிக் கழுவாமல் நிரப்புவது நோயை விலைகொடுத்து வாங்குவதற்குச் சமம்.

நோய் தொடங்கிவிட்டால் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து, ஒரு சதுர மீட்டருக்கு 4 லிட்டர் கரைசல் வேர்ப்பகுதி நனைய ஊற்ற வேண்டும். இலைமேல் தெளிப்பதில் பயனில்லை. தாமிரம் ஊற்றிய கையோடு சூடோமோனாஸ் விட்டால் அந்த நுண்ணுயிர் செத்துப்போகும், இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும்.

நம்ம ஊரில் வெயில்தான் அதிகமே, இந்த நோய் வராது என்று எண்ணுவதும் தவறு. பித்தியம் அபானிடெர்மேட்டம் 30 டிகிரிக்கு மேலும் செழிப்பாக வளரும். ஆனால் அதே வெயிலை அதற்கு எதிராகத் திருப்பலாம். சித்திரை, வைகாசியில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது, நாற்றங்கால் மண்ணை நன்கு நனைத்து, 25 முதல் 50 மைக்ரான் தடிமனுள்ள நிறமில்லாத பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களை மண்ணில் புதைத்து, 4 முதல் 6 வாரம் விட வேண்டும். கறுப்புத் தாள் போட்டால் வெயில் தாளிலேயே நின்றுவிடும், மண் அவ்வளவு சூடேறாது. காய்ந்த மண்ணில் போட்டாலும் சூடு ஆழத்துக்கு இறங்காது. செலவு குறைந்த, நிச்சயமான இந்த வேலையை இந்த மாவட்டத்தில் இன்னும் நிறைய பேர் செய்ய வேண்டும்.

பீர்க்கு, பாகல், வெள்ளரியில் அடிச்சாம்பலைச் சாம்பல் நோய் என்று நினைத்துக் கந்தகம் அடிப்பவர்கள் உண்டு. சாம்பல் நோயில் இலையின் மேல்பக்கம் வெள்ளைப் பொடி தெரியும். அடிச்சாம்பலில் நரம்புகளுக்கு இடையே கோணல்மாணலான மஞ்சள் கட்டங்கள் தெரியும். கார்த்திகை, மார்கழிப் பனி இலையில் இருக்கும்போதே அதே இடத்தைத் திருப்பிப் பார்த்தால், அடியில் ஊதா கலந்த சாம்பல் நிறத்தில் மெல்லிய பஞ்சு ஒட்டியிருக்கும். மத்தியானம் பார்த்தால் தெரியாது. கந்தகம் இதைத் தொடாது. மெட்டலாக்சில் 8%, மேன்கோசெப் 64% கலந்த தூளை லிட்டருக்கு 2 கிராம் வீதம், நாசிலை மேல்நோக்கித் திருப்பி இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்க வேண்டும். பயிருக்கு அனுமதி உண்டா, அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்பதை டப்பா லேபிளில் பார்த்துக்கொள்ளவும்.

நன்றாகக் கேட்டது என்பதற்காக மெட்டலாக்சிலையே திரும்பத் திரும்ப அடிக்க வேண்டாம். கிருமி அதற்கு வேகமாகப் பழகிவிடும். 1980 வாக்கிலேயே அயர்லாந்திலும் நெதர்லாந்திலும் உருளைக்கிழங்குக் கருகல் கிருமி அதற்கு எதிர்ப்புப் பெற்றுவிட்டது. ஒரு பருவத்தில் இரண்டு முறைக்கு மேல் போகாமல், நடுவில் டைமெத்தோமார்ப் அல்லது தாமிரம் கொண்டு மாற்றிக்கொள்ளலாம்.

பப்பாளித் தூர் அழுகலுக்குக் காரணம் தண்டைத் தொட்டு நிற்கும் தண்ணீர். தூரைச் சுற்றி மண் அணைத்து, அதற்கு வெளியே வட்டமாகத் தண்ணீர் விட வேண்டும். ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு ஓடும்படி வாய்க்கால் வெட்டினால் நோயும் கூடவே ஓடும். இதற்குப் போர்டோ கலவை நன்றாகக் கேட்கும், செய்முறைதான் பிசகுகிறது. 1 கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 50 லிட்டர் தண்ணீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை 50 லிட்டரிலும் தனித்தனியே பிளாஸ்டிக் தொட்டியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் மெல்ல ஊற்றிக் கிளற வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. துருப்பிடிக்காமல் பளபளப்பாக உள்ள இரும்புக் கத்தியைக் கலவையில் சிறிது நேரம் முக்கி எடுத்தால், செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் செடி கருகும். அன்றே பயன்படுத்திவிட வேண்டும்.

சந்தேகம் தீராவிட்டால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு மாதிரி கொண்டுபோகலாம். முழுதும் காய்ந்த செடியில் பின்னால் வந்த பூஞ்சைகள்தான் தெரியும். பாதி வாடிய செடியாக நான்கைந்தை, வேர்மண்ணோடு ஈரமாக எடுத்துப் போங்கள்.