மாநகர சபை வண்டிகளுக்கு மாற்று எரிபொருள்: கேள்வி (டெண்டர்) கோருமுன் செய்ய வேண்டியவை

2022 இல் டீசலுக்கு நின்ற வரிசைகளை மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குப்பை வண்டிக்கு டீசல் இல்லையென்றால் இரண்டு நாளில் மீன் சந்தைப் பக்கம் போக முடியாது, மலசலகூடக் குழி நிரம்பிய வீட்டுக்குக் கழிவு உறிஞ்சும் பவுசர் வராது. அதனால் மாற்று எரிபொருள் பற்றி உள்ளூராட்சி சபைகள் யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் சபையில் ஒரு தீர்மானம் போட்டுவிட்டு, முதலில் வந்த விற்பனையாளர் காட்டும் வண்ணப் புத்தகத்தைப் பார்த்து வாங்குவது சரியான வழி இல்லை.

எந்த எரிபொருள் என்ற பேச்சைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். முதலில் ஒரு வருட ரன்னிங் சார்ட்டுகளை (வண்டியின் ஓட்டக் குறிப்பேடுகளை) எடுத்து, ஒவ்வொரு வண்டியும் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது, எத்தனை லீற்றர் குடிக்கிறது, இரவில் எங்கே நிற்கிறது, இயந்திரம் எந்த வருடத்தது என்று ஒரே தாளில் எழுதுங்கள். பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் ஒழுங்கைக்கு ஒழுங்கை நின்று நின்று போகிறது. குப்பையை அமுக்கி ஏற்றும் கொம்பக்டர் நகரைச் சுற்றிவிட்டுப் பாரத்தோடு தொலைவில் உள்ள கழிவு நிலையத்துக்கு ஓடுகிறது. மண் வெட்டி அள்ளும் பெக்கோ நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று உழைக்கிறது. இந்த மூன்றுக்கும் ஒரே எரிபொருள் பொருந்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லீற்றர் விலையையும் தனியாக ஒப்பிட வேண்டாம், ஒரு தொன் குப்பையை அகற்ற என்ன செலவு என்று பாருங்கள்.

சிலவற்றை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடலாம். அமுக்கிய இயற்கை வாயுவை நிரப்ப இங்கே நிலையம் கிடையாது. எல்.பி. காஸ் பெற்றோல் வண்டிக்குத்தான் சுலபமாகப் பொருந்தும், அதே தூரத்துக்குப் பெற்றோலை விடக் கூடுதல் லீற்றரும் எரியும், அதுவும் பெரும்பாலும் கப்பலில் வருவதுதான், 2022 இல் டீசலோடு சேர்ந்து அதற்கும் தட்டுப்பாடு வந்தது. ஹிங்குரானையில் கரும்புப் பாகிலிருந்து மதுசாரம் வடிக்கிறார்களே என்று அம்பாறைப் பக்கம் கேட்பார்கள். பெற்றோலில் கலக்க வேண்டுமானால் நீர் முழுவதும் அகற்றிய, 99 வீதத்துக்கு மேல் தூய மதுசாரம் (எதனோல்) வேண்டும், சபை வண்டிகளில் பெரும்பாலானவை டீசல் என்பது வேறு. ஆக மிஞ்சுவது பயோடீசலும் மின்சாரமும்.

பயோடீசலைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம், சபைகள் ஏமாறக்கூடிய இடம் இதுதான். பொரித்த எண்ணெயை வடிகட்டி டீசலில் கலந்தால் அது பயோடீசல் ஆகாது. எண்ணெயோடு மெதனோலும் ஒரு காரமும் சேர்த்து வினைபுரியவைத்து, கிளிசரினைப் பிரித்து, கழுவி உலர்த்திய பிறகு கிடைப்பதுதான் பயோடீசல். வடிகட்டிய எண்ணெயை அப்படியே ஊற்றினால் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் கரி பிடிக்கும், சில மாதத்தில் பம்பும் போய்விடும். கராஜிலேயே காய்ச்சலாம் என்ற யோசனையும் வேண்டாம், மெதனோல் நஞ்சு, சட்டெனத் தீப்பற்றும். காத்தான்குடி, ஏறாவூர்க் கடைகளிலும் பாசிக்குடா ஹோட்டல்களிலும் மிஞ்சும் எண்ணெயைச் சேர்த்து முறையான உற்பத்தியாளரிடம் கொடுப்பது நல்ல வேலைதான், அந்த எண்ணெய் திரும்பவும் யாருடைய தாச்சிக்கும் போகாது, வாய்க்காலுக்கும் போகாது. ஆனால் மாதம் எத்தனை லீற்றர் உண்மையில் சேரும் என்று கடை கடையாகக் கேட்டு எழுதிய பிறகு திட்டம் போடுங்கள்.

வாங்கும்போது பி20 இலிருந்து தொடங்குங்கள், அதாவது 20 வீதம் பயோடீசல், 80 வீதம் சாதாரண டீசல். தூய பயோடீசலில் லீற்றருக்குச் சக்தி ஏறக்குறைய 8 வீதம் குறைவு, பி20 இல் அந்தக் குறைவு 1, 2 வீதம்தான், சாரதிக்கே தெரியாது. குளிர்நாடுகளில் பாம் எண்ணெய்ப் பயோடீசல் உறையும் என்ற பயம் உண்டு, நமக்கு அந்தக் கவலை இல்லை. நமக்குள்ள கவலை தண்ணீரும் வெக்கையும். பயோடீசல் டீசலை விட அதிகமாக ஈரத்தை இழுக்கும், நாள்பட்டால் கெட்டுப் புளிக்கும், வாவிக்கரைக் காற்றில் இன்னும் கவனம் வேண்டும். செம்பு, பித்தளை, நாகம் (துத்தநாகம்) பூசிய பொருத்துகள் தாங்கியில் இருக்கக் கூடாது. அடியில் தண்ணீர் வடிக்கும் வால்வு இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம், என் விருப்பம் இரண்டு மாத இருப்புக்கு மேல் வாங்கவே வேண்டாம் என்பதுதான். பழைய உழவு இயந்திரங்களின் இறப்பர் குழாய்களை முதலில் மாற்றிவிடுங்கள். பயோடீசல் தாங்கியில் பல வருடம் படிந்த அழுக்கைக் கழற்றிக்கொண்டு வரும், அதனால் முதல் தாங்கி முடிந்ததும் பில்டரை மாற்றுங்கள். இதைச் சாரதிகளுக்கு முன்கூட்டியே சொல்லாவிட்டால், வண்டி இழுக்காத முதல் நாளே எரிபொருளின் பெயர் கெட்டுவிடும்.

கேள்விப் பத்திரத்தில் "தரமான பயோடீசல்" என்று எழுதிவிட்டு விடாதீர்கள். கலக்குமுன் உள்ள தூய பயோடீசல் அமெரிக்காவின் ஏ.எஸ்.ரி.எம். டி 6751 அல்லது ஐரோப்பாவின் ஈ.என். 14214 தரத்துக்கும், கலவை ஏ.எஸ்.ரி.எம். டி 7467 தரத்துக்கும் இருக்க வேண்டும் என்று இலக்கத்தோடு எழுதுங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் பரிசோதனை அறிக்கை கேளுங்கள், நீரும் வண்டலும் 0.05 வீதத்துக்கு மேல் போகக் கூடாது, எவ்வளவு புளித்திருக்கிறது என்று காட்டும் அமில எண் தூய பயோடீசலில் 0.50 ஐத் தாண்டக் கூடாது. எரிபொருள் பவுசர் வந்ததும் இரு தரப்பும் பார்க்க மூன்று போத்தலில் மாதிரி எடுத்து முத்திரையிடுங்கள், ஒன்று சபைக்கு, ஒன்று வழங்குநருக்கு, ஒன்று சுயாதீன ஆய்வுகூடத்துக்கு. தரம் தவறினால் யார் திருப்பி எடுப்பது, கெட்ட இன்ஜெக்டருக்கு யார் காசு கொடுப்பது என்பதும் அங்கேயே இருக்க வேண்டும். வண்டி இன்னும் உத்தரவாதக் காலத்தில் இருந்தால் தயாரிப்பாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், முகவர் தொலைபேசியில் "பிரச்சினை இல்லை" என்று சொன்னது கணக்காய்வில் நிற்காது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள அரச பெறுகை (கொள்முதல்) வழிகாட்டல்களைக் கணக்காளரோடு இருந்து ஒருமுறை வாசித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

விலையை வருடம் முழுக்க ஒரே தொகையாகக் கட்டாதீர்கள். நாட்டில் டீசல் விலை மாதந்தோறும் திருத்தப்படுகிறது, அதோடு சேர்ந்து ஏறி இறங்கும் சூத்திரம் ஒன்று வேண்டும். குறைந்தபட்சம் இவ்வளவு வாங்கியே ஆக வேண்டும் என்ற நிபந்தனைக்கும் முதல் வருடம் சம்மதிக்காதீர்கள். கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் வீதி மூடினால் எத்தனை நாள் தாமதம் ஏற்றுக்கொள்ளப்படும் என்று கேளுங்கள், அந்த மாதங்களுக்கு இரண்டு வாரத்துக்குத் தேவையான சாதாரண டீசலைத் தனித் தாங்கியில் வையுங்கள்.

மின்சாரம் என்றால் ஒழுங்கைகளில் குப்பை எடுக்கும் முச்சக்கர வண்டிகளிலிருந்து தொடங்கலாம், ஓட்டம் குறைவு, இரவில் கராஜுக்குத் திரும்பிவிடும். நின்று நின்று ஓடும் வண்டியில் ஒரு லீற்றர் டீசல் செய்யும் வேலையை ஏறக்குறைய 3, 4 அலகு மின்சாரம் செய்துவிடும். நேரத்துக்கேற்ற கட்டண முறையில் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு, மாலை 6.30 முதல் 10.30 வரை அதிக விலை, ஆகவே நேரம் வைத்துச் சார்ஜ் ஏற்றும் கருவியையே வாங்குங்கள். கூரையில் சோலர் போட்டால் ஒரு கிலோவொட்டுக்கு மாதம் 100 அலகுக்கு மேல் எதிர்பார்க்கலாம், மாரியில் குறையும். சார்ஜரை வெள்ள மட்டத்துக்கு மேலே மேடை கட்டிப் பொருத்துங்கள். பற்றரி உத்தரவாதத்தில் வருடம் மட்டும் போதாது, அந்த வருட முடிவில் எத்தனை வீதக் கொள்ளளவு மிஞ்ச வேண்டும் என்றும் எழுத வேண்டும். பழுது பார்ப்பவர் கொழும்பிலிருந்து வர வேண்டுமென்றால் எத்தனை மணித்தியாலத்துக்குள் என்று கேளுங்கள்.

எதை வாங்கினாலும் முதலில் இரண்டு மூன்று வண்டிக்கு மட்டும், மாரியும் கோடையும் சேர்ந்த ஒரு வருடத்துக்கு. அதே பாதையில் ஓடும் சாதாரண டீசல் வண்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டின் செலவையும் பழுதையும் மாதந்தோறும் எழுதி, வரி கட்டும் மக்கள் பார்க்கச் சபை வாசலில் ஒட்டுங்கள்.