புதுச்சேரி கடலூர் ரோட்ல எத முதல்ல சரி பண்ணணும்? லிஸ்ட் போடுறது எப்படி

எங்க நகர் நல சங்கம் கூட்டத்துல முதல் அரை மணி நேரம் பூச்செடி எங்க வைக்கிறது, கலர் லைட்டு எங்க போடுறதுன்னே போயிடும். மழை வந்தா முட்டி வரைக்கும் தண்ணி நிக்குதே, அந்த பேச்சு கடைசி அஞ்சு நிமிஷம்தான், அதுக்குள்ள பாதி பேர் செருப்ப தேட ஆரம்பிச்சிருப்பாங்க. அதனாலதான் இத எழுதுறேன்.

மொதல்ல, வெங்கடசுப்பா ரெட்டியார் சிலையிலேர்ந்து முள்ளோடை வரைக்கும் ஒரே ரோடுன்னு நெனைக்காதீங்க, துண்டு துண்டா பிரிச்சுக்கோங்க. ரோடியர் மில் பக்கத்துல ரயில்வே கேட் பிரச்சனை, மரப்பாலம் நைனார்மண்டபத்துல தண்ணியும் நெரிசலும், ஆத்து பாலம் தாண்டி அரியாங்குப்பம் தவளக்குப்பத்துல கடைத்தெரு, கிருமாம்பாக்கம் கன்னியக்கோயில் பக்கம் போனா வண்டிங்க பறக்குற வேகம். நிர்வாகமும் அப்படித்தான், இந்த பக்கம் புதுச்சேரி நகராட்சி, பாலம் தாண்டுனா அரியாங்குப்பம் கொம்யூன் (எங்க ஊர் பஞ்சாயத்து), அப்புறம் பாகூர் கொம்யூன். கம்பத்துக்கு மின்துறை, கேட்டுக்கு ரயில்வே. இது தெரியாம எழுதுற மனு மேஜை மேஜையா சுத்தும்.

அப்புறம் நடங்க. பைக்ல போய் பாத்தா ஒண்ணும் தெரியாது. காலைல ஸ்கூல் நேரம் ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ, முடிஞ்சா மழைல ஒரு தடவ. கைல ஒரு டேப்பு, ஒரு நோட்டு போதும். பிளாட்பாரத்த அளக்கும்போது கல்லுக்கு கல்லு அளக்காதீங்க, ஆள் நடக்க மிச்சம் இருக்குற எடத்த அளங்க. ரோடு எப்படி இருக்கணும்னு அளவு சொல்ற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் கணக்குப்படி கொறஞ்சது 1.8 மீட்டர் தடை இல்லாம இருக்கணும். நாங்க அளந்த ஒரு எடத்துல மின்துறை பெட்டி, ஒடஞ்ச வாய்க்கால் மூடி, அதுமேல குறுக்க வச்ச பலகை, பக்கத்துல டீக்கடை சிலிண்டர், எல்லாம் போக மிச்சம் 60 சென்டிமீட்டர். டேப்ப புடிச்சிட்டு நிக்கும்போதே ரேஷன் பையோட ஒரு ஆயா அந்த பலகைகிட்ட வந்து நின்னு, கால நீட்டி பாத்துட்டு, ரோட்டுக்கு எறங்கிட்டாங்க, பின்னாடி வந்த டெம்போக்காரன் ஹாரன் அடிச்சான்.

எண்ணும்போது வண்டிய எண்ணாதீங்க, ஆள எண்ணுங்க. ஒரு பஸ்ல அம்பது பேர், ஒரு கார்ல பெரும்பாலும் ஒருத்தர். வண்டிய எண்ணுனா ரோட்ட அகலப்படுத்தணும்னு வரும், ஆள எண்ணுனா பஸ் ஸ்டாப்புக்கு நெழல் வேணும்னு வரும். அதே மாதிரி ரோடு கடக்குற நேரத்தயும் பாருங்க. 15 மீட்டர் ரோட்ட நல்லா நடக்குறவங்க 12, 13 செகண்டுல தாண்டிடுவாங்க, அந்த ஆயாவுக்கு இருபது செகண்டாவது வேணும்.

தண்ணிதான் பெரிய பாடம். 2024 ஃபெஞ்சல் புயல்ல புதுச்சேரில ஒரே நாள்ல 48 சென்டிமீட்டர் பேஞ்சுது, அதுக்கு எந்த வாய்க்காலும் தாங்காதுதான், ஆனா சாதாரண மழைக்கே எங்க நிக்குதுன்னு பாக்கணும். இன்ஜினியர கேக்குறதுக்கு முன்னாடி டீ மாஸ்டர கேளுங்க, எந்த மூலைல மொதல்ல ஏறும், எத்தன மணி நேரத்துல வடியும்னு அவருக்கு அத்துப்படி. பாதி எடத்துல வாய்க்கால் இல்லாம இல்ல, இருக்கு, ஆனா பழைய தார சுரண்டாம மேல மேல போட்டு ரோடு ஒசந்து, வீடெல்லாம் பள்ளத்துக்கு போயிடுச்சு. அதனால "பழைய தார சுரண்டிட்டு போடணும்"ங்கறத மனுல தனி வரியா எழுதுங்க.

இப்ப வரிசை. மார்க் போட்டு கூட்டுற டேபிள்ல எனக்கு நம்பிக்கை இல்ல, யாருக்கு எது வேணுமோ அதுக்கேத்த மார்க் விழும். மூணே கேள்வி கேளுங்க: இத விட்டா உயிர் போகுமா, இதுக்கு தோண்டணுமா, இதுக்கு கையெழுத்து போட வேண்டிய ஆபீஸ் எது. உயிர் போற எடத்துல பெயின்ட், லைட், வேகத்தடை எல்லாம் தோண்டாம முடியும், அத உடனே கேளுங்க. தோண்டுற வேலைல பாதாள சாக்கடை, குடிதண்ணி பைப், கேபிள், வாய்க்கால் எல்லாம் முடிஞ்சப்புறம்தான் டைல்ஸ். எங்க தெருவுல டைல்ஸ் போட்டு மூணாவது மாசமே பைப்புக்கு ஒடச்சாங்க, இன்னும் அந்த குழி இருக்கு. ரயில்வே கேட்ட தனி பேப்பர்ல வைங்க, இல்லன்னா எல்லா பேச்சையும் அதுவே முழுங்கிடும்.

தள்ளுவண்டிக்காரங்கள காலி பண்ணுன்னு எழுதிடாதீங்க. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு முடிக்காம யாரையும் எடுக்க முடியாது, அதுக்குன்னு அமைக்கிற கமிட்டில 40 சதவீதத்துக்கு கொறையாம வியாபாரிங்க இருக்கணும். அவங்களயும் கூட்டத்துக்கு கூப்பிடுங்க, எந்த நேரத்துல எங்க கூட்டம்னு நம்மள விட அவங்களுக்கு நல்லா தெரியும்.

உள்ளாட்சி தேர்தல் கடைசியா 2006ல நடந்த ஊரு இது, கவுன்சிலர புடிக்கலாம்னா ஆள் இல்ல. எம்எல்ஏவுக்கு ஒரு காப்பி, பொதுப்பணித்துறைக்கு ஒண்ணு, நகராட்சியோ கொம்யூனோ அங்க ஒண்ணு. ஒரு ஆபீசுக்கு ஒரு பக்கம், ஒரு போட்டோ, அவங்க கைல இருக்குற வேலை மட்டும். பதிவு நம்பர் வாங்காம வராதீங்க. பதில் இல்லன்னா பத்து ரூபா கட்டி ஆர்டிஐ (தகவல் உரிமை சட்ட மனு) போடுங்க, 30 நாள் கெடு. போன தடவ எங்க மனுல 23 கோரிக்கை, ஒண்ணுக்கும் பதில் வரல. இந்த தடவ நாலுதான், அதுல முதல் வரி அந்த ஒடஞ்ச மூடி.