குறுகிய அலமாரிக்குள் துளை போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமையலறையில் எண்ணெய் பாட்டில்கள் வைக்க 300 மி.மீ. அகலத்தில் ஒரு பெட்டி செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 18 மி.மீ. பிளைவுட் என்றால் இரண்டு பக்கப்பலகையும் போக உள்ளே மிஞ்சுவது 264 மி.மீ. கார்ட்லெஸ் டிரில்லின் நீளமே 180, 200 மி.மீ. வந்துவிடும். பிட் இன்னொரு 60 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் மெஷினை நேராக நிறுத்த இடமே இருக்காது. அப்புறம் சாய்த்துத்தான் பிடிப்பார்கள். துளையும் சாயும், அதில் போகும் ஸ்க்ரூ பலகையின் மைக்காவைப் பிய்த்துக்கொண்டு எட்டிப் பார்க்கும்.

இதில் பெரும்பாலான சிக்கலை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். பெட்டியை முழுசாகப் பூட்டிவிட்டு, அதன்பின் உள்ளே கையை விட்டு டிராயர் சேனலுக்கும் (டிராயர் ஓடும் இரும்புத் தண்டவாளம்) தட்டுக்கும் கீலுக்கும் துளை போடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பலகை மேஜைமேல் படுத்திருக்கும்போது இந்தத் துளைகள் எல்லாம் சில நிமிட வேலை. இடது வலது பக்கப்பலகைகளை முன்விளிம்பும் முன்விளிம்பும் ஒட்டினாற்போலப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே கோடு இழுத்துவிடுங்கள். உயரம் பிசகாது, இரண்டு பலகையையும் இடதாகவே செய்துவிடும் கூத்தும் நடக்காது. டெலஸ்கோப்பிக் சேனலை அப்போதே முடுக்கிவிடலாம். சேனலுக்குப் பக்கத்துக்குச் சுமார் 12.5 முதல் 13 மி.மீ. இடம் வேண்டும். ஆகவே டிராயர் பெட்டி, உள் அகலத்தைவிட 25, 26 மி.மீ. குறைவாக வர வேண்டும். இதை மறந்து பெட்டியைப் பூட்டினால், குறுகிய இடத்துக்குள் சேனலைக் கழற்றிக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும்.

கதவுக்கான கப் ஹிஞ்சும் (கதவில் வட்டக் குழிக்குள் உட்காரும் கீல்) அப்படித்தான். 35 மி.மீ. வட்டக் குழியைக் கதவு தனியாகக் கிடக்கும்போதே போட்டுவிட வேண்டும். ஆழம் 12 மி.மீ. அளவில் நிற்க வேண்டும். 18 மி.மீ. கதவில் மிச்சம் 6 மி.மீ.தான், பிட்டின் நடுமுனை அதையும் கொஞ்சம் தின்னும். கண்ணளவில் நிறுத்தலாம் என்று நம்ப வேண்டாம். பிட்டில் டெப்த் காலர் (ஆழத்தை நிறுத்தும் வளையம்) போடுங்கள். இல்லையென்றால் ஒரு சுற்று டேப்பாவது ஒட்டுங்கள்.

பலகையின் விளிம்பில் துளை போடாமல் ஸ்க்ரூவை நேராக முடுக்குவது அடுத்த தவறு. இடம் நெருக்கடியாக இருந்தால் இந்த ஆசை இன்னும் அதிகமாக வரும், ஒரு வேலை மிச்சம்தானே என்று. பிளைவுட் விளிம்பில் அடுக்குகள் பிளந்துகொண்டு வயிறு உப்பிவிடும். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டில் துகள் நொறுங்கும், பிடிமானமே இருக்காது. 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு விளிம்பில் 3 மி.மீ. துளை போடுங்கள். பலகை முனையிலிருந்து 40, 50 மி.மீ. தள்ளியே முதல் ஸ்க்ரூ இருக்கட்டும். 50 மி.மீ. நீள ஸ்க்ரூ என்றால் 18 மி.மீ. பக்கப்பலகையில் போக 32 மி.மீ. விளிம்புக்குள் இறங்கும், அது போதும். பார்ட்டிகிள் போர்டு என்றால் சாதாரண ஸ்க்ரூவை விட்டுவிட்டு, பெரிய மரையுள்ள கன்ஃபர்மேட் ஸ்க்ரூவுக்குப் போய்விடுங்கள். 7 மி.மீ. தடிமனும் 50 மி.மீ. நீளமும் உள்ள கன்ஃபர்மேட்டுக்கு விளிம்பில் 5 மி.மீ., பக்கப்பலகையில் 7 மி.மீ. துளை.

பாக்கெட் ஹோல் (பலகையின் முகத்திலிருந்து விளிம்பை நோக்கிச் சாய்வாகப் போடும் ஸ்க்ரூத் துளை) போடுகிறவர்கள் துளையின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை யோசிப்பதில்லை. அந்தத் துளை பலகையோடு 15 டிகிரி சாய்வில்தான் போகிறது. அதனால் நீளமான டிரைவர் பிட்டும் அதன் பின்னால் மெஷினும் கிட்டத்தட்டப் பலகையை ஒட்டியே நிற்கும். வாய் பெட்டியின் உட்பக்கம் பார்த்தால் எதிர்ப்பலகை மெஷினை மறித்துவிடும். சுவரைப் பார்க்கும் பக்கத்திலோ பக்கத்துப் பெட்டி மறைக்கும் பக்கத்திலோ வாயை வைத்துவிட்டால் வெளியே நின்றே முடுக்கலாம், பார்வைக்கும் தெரியாது.

பசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளைப் பசைக்கு மரம் வேண்டும், மைக்கா முகத்தில் அது பிடிக்காது. ஏற்கெனவே மைக்கா ஒட்டிய பலகையை இணைக்கும்போது பசையை நம்பி ஸ்க்ரூவைக் குறைத்தால் இணைப்பு சில மாதங்களில் ஆடத் தொடங்கும். இணைப்பு வரும் இடத்தில் மட்டும் மைக்காவைச் சுரண்டி எடுங்கள், அல்லது டவலும் (துளைக்குள் இறக்கும் உருளை மரக்குச்சி) ஸ்க்ரூவுமாகச் சேர்த்துப் போடுங்கள்.

சரி, பெட்டி ஏற்கெனவே சுவரில் ஏறிவிட்டது, உள்ளே வேலை செய்தே ஆக வேண்டும். அப்போது பிட்டை மெஷினுக்குக் குறுக்கே 90 டிகிரி திருப்பும் ரைட் ஆங்கிள் அட்டாச்மென்ட் வாங்குங்கள். குட்டை பிட் போட்டால் சுமார் 10 செ.மீ. இடத்துக்குள் வேலை முடியும். வேகத்தைக் குறைத்து, அதன் கைப்பிடியை இன்னொரு கையால் இறுக்கிப் பிடியுங்கள். இல்லாவிட்டால் தலை சுழன்று விரலைத் திருகிவிடும். இம்பாக்ட் டிரைவரில் (தட்டித் தட்டி முடுக்கும் மெஷின்) மாட்டுவதானால், இம்பாக்ட்டுக்கு என்றே செய்ததா என்று பார்த்து வாங்குங்கள். பாம்பு போல வளையும் ஃப்ளெக்ஸிபிள் ஷாஃப்ட் சின்ன ஸ்க்ரூ முடுக்க மட்டும்தான். அதில் துளை போடப் போனால் முறுக்கேறித் துள்ளும். நெருக்கடியில் ஸ்க்ரூத் தலை தேய்வதும் சகஜம். பிலிப்ஸ் தலையும் போஸிடிரைவ் தலையும் பார்க்க ஒரே பிளஸ் போலத் தெரிந்தாலும் பிட் வேறு வேறு, பார்த்துப் போடுங்கள். கடைசி இரண்டு சுற்றைக் குட்டைத் திருப்புளியால் கையிலேயே முடிப்பது நல்லது.

பக்கத்துப் பெட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும்போது, அகலமான பெட்டிக்குள்ளிருந்து குறுகியதை நோக்கித் துளை போடுங்கள். முன்விளிம்புகள் சமமாக வரும்படி கிளாம்ப் போட்ட பிறகே பிட் இறங்கட்டும். இரண்டு பலகையும் சேர்ந்து 36 மி.மீ. என்பதால் 30 மி.மீ. ஸ்க்ரூ சரியாக இருக்கும், 40 போட்டால் முனை மறுபக்கம் வந்து கையைக் கிழிக்கும். முதுகுப்பலகை வழியாகச் சுவரில் துளை போடுவதானால், சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலும் கீழும், குழாய்க்கு நேர் மேலும் கீழும் தொடாதீர்கள். மறைத்துப் பதித்த ஒயர் பைப்பும் தண்ணீர் பைப்பும் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும்.