எஸ்யூவியின் முன் பிரேக்: பேடையும் டிஸ்கையும் வீட்டிலேயே மாற்றும் முறை

டெல்டாவில் எஸ்யூவி வைத்திருப்பவர்கள் அதை வயல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். நடவு நேரத்தில் வாய்க்கால் கரைச் சேறு, அறுவடையில் ரோட்டில் பரப்பிய வைக்கோல், வேதாரண்யம் பக்கமானால் உப்புக்காற்று. இதெல்லாம் பேடை, அதாவது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டான டிஸ்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டையைத் தேய்ப்பதோடு நிற்பதில்லை. பேடை அழுத்தும் கவ்வியான காலிப்பர் நகர்வதற்கென்று இருக்கும் இரண்டு பின்களின் ரப்பர் உறை கிழிந்தால் சேறும் தண்ணீரும் உள்ளே இறங்கி அந்தப் பின்கள் இறுகிவிடும். அப்புறம் உள்பக்கப் பேட் இரும்பு தெரியும் அளவுக்குத் தேயும், வெளிப்பக்கப் பேட் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும். அதனால் புதுப் பேடை மாட்டிவிட்டுப் பின்னைத் தொடாமல் விட்டால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

இங்கே சொல்வது முன்சக்கரத்துக்கு. பின்னால் மின்சார ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியானால் அதை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

மாற்ற வேண்டுமா என்று பார்ப்பது

புதுப் பேடின் உராயும் பகுதி பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடலாம். உள்பக்கப் பேடையும் கட்டாயம் பாருங்கள், வெளியே தெரிவதை மட்டும் நம்பக் கூடாது. டிஸ்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறித்திருக்கும். வெர்னியர் அளவுகோலில் அளந்து அதற்குக் கீழே போயிருந்தாலோ, விரிசல், ஆழமான கோடு இருந்தாலோ டிஸ்கும் மாற்ற வேண்டும். எதை மாற்றினாலும் இடது வலது இரண்டு பக்கமும் மாற்றுங்கள். இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

தூக்குவது

நம் ஊர்க் களிமண் மேல் ஜாக்கி வைக்காதீர்கள். மேலே காய்ந்து இறுகியதுபோல் இருந்தாலும் அடியில் ஈரமிருக்கும், பாரம் ஏற ஏற ஜாக்கி சாய்ந்துவிடும். நெல் காயவைக்கும் சிமெண்ட் களம் மட்டமாக இருந்தால் அதைவிட நல்ல இடம் வேண்டாம். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, வண்டி தரையில் இருக்கும்போதே வீல் நட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். தூக்கியதும் வண்டியைத் தாங்கும் ஜாக்கி ஸ்டாண்ட் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கடியில் கையை நீட்டக் கூடாது. ஸ்டாண்ட் இல்லையென்றால் அன்றைக்கு வேலையே வேண்டாம்.

கழற்றுவது

வீல் நட்டை எடுத்துச் சக்கரத்தைக் கழற்றுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எது எங்கே இருந்தது என்ற சந்தேகம் வந்தால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். பிரேக் தூசியை வாயாலோ காற்றடித்தோ ஊதாதீர்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

காலிப்பரின் போல்ட்டைக் கழற்றி எடுத்ததும் அதைக் கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷனில் கட்டிவிடுங்கள். பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கினால் ஹோஸ் கெட்டுவிடும். பேடையும், பேடைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டையும் எடுத்துவிட்டால் டிஸ்க் வரவேண்டும். துருவில் ஒட்டியிருந்தால் டிஸ்கில் மரை உள்ள ஓட்டை இருக்கிறதா பாருங்கள். அதில் பொருந்தும் போல்ட்டை முடுக்கினால் தானாக வெளியே தள்ளும்.

பின்களும் ஹப்பும்

இங்கேதான் நிதானம் வேண்டும். பின்களை உருவி, பழைய கிரீஸை முழுதும் துடைத்து எடுங்கள். குழி விழுந்தோ துருப்பிடித்தோ இருந்தால் புதுப் பின், கிழிந்த உறைக்குப் புது உறை. பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப் பின் மறுபடி இறுகும். சில வண்டிகளில் மேல்பின்னும் கீழ்ப்பின்னும் வேறு வேறு, மாற்றிப் போடாதீர்கள். விரலால் தள்ளினாலே பின் வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.

டிஸ்க் உட்காரும் நடுப்பகுதியான ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷால் பளபளவென்று தேயுங்கள். அங்கே துரு மிச்சமிருந்தால் புது டிஸ்கும் கோணலாக உட்காரும், பெடலில் அதிர்வு வரும்.

மாட்டுவது

புது டிஸ்கில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். கிளீனரால் கழுவிவிட்டு மாட்டுங்கள். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, பழைய பேட் ஒன்றை, காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் உருளையான பிஸ்டன் மேல் வைத்து, சி-கிளாம்பால் மெதுவாக உள்ளே தள்ளுங்கள். டப்பாவில் ஆயில் ஏறும். வழிந்தால் பெயின்ட் போய்விடும், அதனால் முன்னாலேயே கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடலாம். பேடைப் பிடிக்கும் புதுக் கிளிப்புகளைப் போட்டு, பிராக்கெட், பேட், காலிப்பர் என்று வரிசையாக மாட்டுங்கள். பேடின் முகத்தில் கிரீஸ் கை படவே கூடாது. போல்ட்டுகளை வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். சக்கரத்தை மாட்டி, வீல் நட்டைக் கையால் முடுக்கிவிட்டு, வண்டியை இறக்கியபின் எதிரெதிராக முடுக்குங்கள்.

வண்டியை நகர்த்துமுன் பெடலைப் பலமுறை மிதியுங்கள். முதலில் தரை வரை இறங்கும், மிதிக்க மிதிக்கத்தான் கெட்டியாகும். கெட்டியாகாவிட்டால் வண்டி களத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. ஆயில் அளவையும் பார்த்து மூடியைப் போடுங்கள்.

அப்புறம் காலையில் ஆளில்லாத, நெல் பரப்பாத ரோடாகப் பார்த்து, 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகப் பிரேக் பிடியுங்கள். முழுதாக நிறுத்தாமல் இதையே எட்டுப் பத்து முறை, நடுவில் சற்று ஆறவிட்டுச் செய்தால் பேடும் டிஸ்கும் ஒன்றோடொன்று படிந்துவிடும். முதல் சில நாட்கள் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், முன்வண்டிக்கும் கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்டு ஓட்டுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டை இன்னொரு முறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.