தோட்டத்துக் கால்பந்து அணி தோற்கிறதா? குற்றம் யார் மேல் என்று பார்க்கும் முறை

தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றால் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ஒட்டுக்கடைகளில் பேச்சு ஒன்றுதான்: பயிற்றுநரை மாற்று. மாற்றுவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்.

வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும் மூன்று விவரம் எழுதுங்கள்: எத்தனையாவது நிமிடம், பந்து எங்கிருந்து வந்தது, அடித்தவனை யார் பிடித்திருக்க வேண்டும்.

அந்தக் கோல்களில் பாதிக்கு மேல் கார்னரில், அதாவது திடலின் மூலையிலிருந்து உதைக்கும் பந்தில், போயிருந்தால், ஆட்டக்காரர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, "கார்னர் வந்தால் உன் ஆள் யாருப்பா, எங்கே நிப்பே?" என்று கேளுங்கள். ஒருவன் தூரக் கோல் கம்பம் என்பான், இன்னொருவன் எதிரணியின் 9-ஆம் நம்பர் என்பான், மூன்றாமவன் தலையைச் சொறிவான். பதில்கள் முட்டிக்கொண்டால் பயிற்றுநர் கணக்கில் எழுதுங்கள். எல்லாரும் சரியாகச் சொல்லிவிட்டு, ஆட்டத்தில் ஆளை விட்டுப் பந்தையே பார்த்து நின்றால் அது ஆட்டக்காரர் கணக்கு.

70-ஆவது நிமிடத்துக்குப் பிறகே கோல் வாங்குகிறார்களா? மூச்சுப் பிரச்சினை. உடனே சோம்பேறிகள் என்று திட்டாதீர்கள். காலையிலிருந்து செம்பனைக் குலை வெட்டியவனைச் சாயங்காலம் திடலைப் பத்துச் சுற்று ஓடவிட்டால் கால்தான் கனக்கும். 4-க்கு 4 சிறு ஆட்டம் வையுங்கள்: 4 நிமிடம் ஆட்டம், 2 நிமிடம் ஓய்வு, நான்கு முறை.

பயிற்சி வருகையையும் குறியுங்கள். 18 பேரில் 7 பேர்தான் வந்தால் யாராலும் தற்காப்பு வரிசையைப் பழக்க முடியாது. ஆனால் வராதவனே ஞாயிற்றுக்கிழமை முதல் பதினொருவரில் நின்றால், அதற்கு இடம் கொடுத்தவர் பயிற்றுநர். செயலவைத் தலைவர் வீட்டுப் பிள்ளை என்றால் மட்டும் நோட்டில் பயிற்றுநர், ஆட்டக்காரர் கணக்கோடு செயலவைக் கணக்குக்கும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.